மைனஸ் நூற்றுப் பத்துப் பேர்

மனிதர்களைவிட, மனிதர்கள் நிற்கும் வரிசையோடு பழகுவது எனக்குச் சுலபம். வரிசை முகத்தைக் காட்டாது, முதுகைத்தான் காட்டும். சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வாசலில், வேன் ஏறுகிறவர்களை வரிசையில் நிறுத்துவது என் வேலை. சாயங்காலக் கடல்காற்று வந்தால் எல்லோரும் லேசாக மிதப்பதுபோல் தெரியும். நானும் மிதப்பேன். (பத்தாவது கணக்குப் பரீட்சையிலும் அப்படித்தான் மிதந்தேன்.)

அங்கே தினமும் நிற்கும் வித்யா என்ற பெண்ணுக்கு, வரிசைகளைக் கணக்காகப் போடுவதுதான் உத்தியோகமாம்.

"வரிசை தொட்டித் தண்ணி மாதிரிண்ணா. வர்ற வேகத்துல போற வேகத்தைக் கழிச்சா, வரிசை எவ்ளோ வேகமா ஏறுதுன்னு தெரிஞ்சுடும். வகைக்கெழுச் சமன்பாடுன்னு பேரு. ஆனா ஒண்ணுண்ணா, இதை நம்பணும்னா..."

வேன் வந்து, அவளை ஏற்றிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டது. அந்த 'ஆனா'வை நான் பொருட்படுத்தவில்லை.

அதன் பிறகு உலகமே தண்ணீராகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போய், டிக்கெட் கவுண்டர் எதிரே பாதி நாள் உட்கார்ந்திருந்தேன். ஜனங்கள் வந்தார்கள், கரைந்தார்கள். பின்னால் கடலும் அதையே செய்துகொண்டிருந்தது. எனக்கு மட்டுமே ஏதோ ரகசியம் தெரிந்துவிட்ட மாதிரி ஒரு மயக்கம்.

அந்த மயக்கம் தெளிவதற்குள் திருப்போரூரில் அக்கா மகள் கல்யாணம். தாய்மாமன் நான் மேடையில் நிற்க வேண்டும். அத்தனை பேர் பார்வைக்குப் பயந்து, பந்தி மேற்பார்வையைக் கெஞ்சி வாங்கிக்கொண்டேன்.

"எங்க மானமே பந்தியிலதான் கீது. சம்பந்தியை மட்டும் நிக்க வெச்சிடாதடா, அவருக்குச் சுகரு. பசி தாங்க மாட்டாரு" என்றாள் அக்கா.

கீழ்ஹாலில் நூறு நாற்காலி. முதல் பந்திக்கு வந்தது நாற்பது பேர். நூறைக் கழித்தேன்: மைனஸ் அறுபது. அடுத்ததற்கு ஐம்பது பேர்: மைனஸ் ஐம்பது. மொத்தம் மைனஸ் நூற்றுப் பத்து. வரிசையில் நூற்றுப் பத்துப் பேர் 'இல்லாமல்' நிற்கிறார்கள்! என்ன அழகு! டிபன் டோக்கன் பின்னால் எழுதி, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேளம் கொட்டியது, தாலி ஏறியது. மண்டபமே எழுந்து பந்திக்குத் திரும்பியது. இருநூற்று இருபது பேர்.

சமையல் மாஸ்டர் ஓடிவந்தார். "அண்ணாத்த, கூட்டம் வந்துகினே கீது. மாடி ஹாலைத் தெறக்கவா?"

"வேணாம்." கணக்கைக் காட்டினேன். "எரநூத்தி இருபதுல மைனஸ் போக நூத்திப்பத்து. நூறு பேர் உக்காருவாங்க. பத்தே பேருதான் நிப்பாங்க."

"இன்னாபா, கண்ணு முன்னால நிக்கறாங்களே!"

நின்றார்கள். நூற்று இருபது பேர். ஒவ்வொரு நாற்காலிக்கும் பின்னால் ஒருவர், முன்னால் சாப்பிடுகிறவரின் வாயையே பார்த்தபடி. யாராவது எழுந்தால், அந்த நாற்காலியில் உடனே ஒரு கைக்குட்டை உட்கார்ந்தது. சம்பந்தி, தான் வந்த வேனின் டிரைவருக்குப் பின்னால் நின்றார்.

"கேசரி வந்ததும் எழுந்துடறேன் சார்."

கேசரி வந்தது. அதற்குள் சம்பந்தியின் கால் தள்ளாடியது. பதறிய டிரைவர் தன் இலைக் கேசரியை அள்ளி அவர் வாயில் ஊட்டினார். வீடியோக்காரர் விளக்கோடு வந்து அதைப் பொறுமையாகப் படமெடுத்தார். கல்யாண வீடியோவில் மாலை மாற்றும் காட்சியைவிட அது நீளம்.

"தாய்மாமன் மேடையில இல்லாம இன்னாடா பண்ணிகினு இருந்தே?" என்றாள் அக்கா. டோக்கனைக் காட்டினேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். மாஸ்டரைப் பார்த்து, "மாடியைத் தெறங்க" என்று மட்டும் சொன்னாள். அழுதிருந்தால் தேவலை.

திங்கட்கிழமை வித்யாவிடம் சொன்னேன். வேனைத் தவறவிட்டுச் சிரித்தாள்.

"வரிசை சைபருக்குக் கீழ போகாதுண்ணா. காலி நாற்காலியைச் சேத்து வெச்சு அப்புறம் செலவழிக்க முடியுமா? அதைத்தானே அன்னிக்குச் சொல்ல வந்தேன்!"

என் பெயர் இப்போது மைனஸ் மாமா. அக்கா வீட்டில் எந்த விசேஷமானாலும் என் பக்கத்தில் ஓர் இலை அதிகமாக விழும். புதிதாக வந்தவர்கள் யாருக்கென்று கேட்டால், "மாமா கணக்குல இன்னும் நூத்திப்பத்துப் பேர் வரணும்" என்பாள் கல்யாணப் பெண்.

அந்தக் காலி இலையில் முதல் ஆளாகக் கேசரி வைப்பவர் சம்பந்திதான். வைத்துவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நிற்பார், நான் எப்போது எழுந்திருப்பேன் என்பதுபோல.