முதல் தரக் கிரானைட் விஷயமாக மச்சானுக்கு

செம்மண்டலம், கடலூர்
செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுதுவிட்டு

மரியாதைக்குரிய அஷ்பாக் மச்சான் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் ரஹ்மத்துல்லா ஸலாம் சொல்லி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் தங்கை நஜியாவும் மகள் சமீராவும் இறைவன் கிருபையில் சுகம். சிதம்பரத்தில் தங்களுக்கு முட்டிவலி குறைந்து, தங்கள் வீட்டம்மா ஜொஹரா அக்காவுக்கு என் மேல் உள்ள வருத்தமும் அதோடு சேர்ந்து குறைந்திருக்க துஆ செய்கிறேன்.

கையில் போன் இருக்கும்போது இவன் ஏன் தபால்தலைக்கு எச்சில் தொட்டு ஒட்டுகிறான் என்று நினைப்பீர்கள். போனதற்கு முந்தின வெள்ளிக்கிழமை தங்களுக்கு அனுப்புவதாக நினைத்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "என் கடைக் கல்லு மேல எலுமிச்சம்பழம் வெச்ச கை வெளங்குமா? அது யாரு பெத்த புள்ளைன்னு நான் பாக்குறேன்" என்று ஒரு நிமிஷம் பத்து விநாடி கத்தியிருக்கிறேன். அது தங்களுக்கு வரவில்லை. சமீராவின் ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் குரூப்புக்குப் போய்விட்டது. நாற்பத்தியொரு பேர் கேட்டிருக்கிறார்கள். சமூக அறிவியல் எடுக்கும் பவானி டீச்சர் மட்டும் "நோட்டட் சார்" என்று பதில் போட்டிருந்தார்கள். அன்றிலிருந்து எனக்கு அந்தப் போனைத் தொடவே கூச்சமாக இருக்கிறது. ஆகவே பேனா.

பெருநாளைக்கு நாங்கள் தங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, வீடு கட்டிய சமயம் நான் என் கையால் போட்டுக் கொடுத்த சமையலறை மேடைக் கல்லில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்திருப்பதை அக்கா காட்டினார்கள். "கல்லு முதல் தரக் கிரானைட்டு, நீங்க நார் போட்டு ஜாஸ்தியா தேய்க்கிறீங்க" என்று நான் சொன்னேன். அத்தனை பேர் முன்னால் அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. அதற்குப் பிறகு அக்கா பரிமாறிய பிரியாணியில் என் தட்டுக்கு மட்டும் கறி வரவில்லை என்பதை நான் கவனிக்காமல் இல்லை. கல் விஷயத்தில் என் பெயர் கெட்டால் மாமனார் வீட்டில் எனக்கு வேறு எந்தப் பெயரும் மிச்சமில்லை என்பது தங்களுக்கே தெரியும். அதை விளக்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் விஷயம் எலுமிச்சம்பழத்தில் ஆரம்பிக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடையைப் பூட்ட மாட்டேன், ஒரு கயிற்றைக் குறுக்கே கட்டிவிட்டுப் போய்விடுவேன், கல்லை யார் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறார்கள். அன்றைக்குத் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் கல் சாய்த்து வைத்திருக்கும் பின்கட்டில் பாதி அறுத்த எலுமிச்சம்பழம் ஒன்று கிடக்கிறது, அந்தப் பக்கம் இருந்த கற்களின் முதுகில் சிவப்பாகவும் மஞ்சளாகவும் பொட்டுப் பொட்டாகத் தூள். குங்குமம், மஞ்சள், எலுமிச்சம்பழம்! மார்க்கத்தில் இதற்கெல்லாம் இடமில்லை, எனக்கு நம்பிக்கையும் இல்லை, ஆனாலும் பழத்தை நான் தொடவில்லை. கல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிற செம்பியனைக் கூப்பிட்டேன். அவன் பத்தடி தள்ளி நின்று பார்த்தான்.

"பாய், முழுப் பழம்னா கண்ணு திருஷ்டி. அறுத்த பழம்னா ஆளுக்குக் குறி."

"எந்த ஆளுக்குடா?"

"கல்லு யாருதோ அவுங்களுக்கு. எனக்கு வயித்த வலிக்குது, நான் வூட்டுக்குப் போறேன்."

போயே விட்டான். எனக்குச் சந்தேகம் நேராக எதிர்க்கடை ராஜாமணி மேல் போனது. டைல்ஸும் மார்பிளும் விற்கிறவன், பத்து வருஷமாக என்னைப் பார்த்து ஒழுங்காகச் சிரித்துக்கொண்டிருக்கிறான், காரணம் இல்லாமல் ஒருத்தன் பத்து வருஷம் சிரிப்பானா? போய்க் கேட்டேன். அவன் என்னை முந்திக்கொண்டு, "வாங்க பாய், நானே வரணும்னு இருந்தேன். என் மார்பிள் மேல எலுமிச்சங் கொட்டை கெடக்கு, பச்சையா ஒரு பொட்டு வேற. உங்க வேலைதான?" என்கிறான்.

"யோவ், எனக்கு இதெல்லாம் தெரியுமாய்யா?"

"பச்சை யாரு கலரு பாய்?"

"அப்ப என் கல்லுல இருக்கிற குங்குமம் யாரு கலரு?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவன் கண்ணில் இருந்த பயம் என் கண்ணில் இருந்த அதே சைஸ் பயம். கடைசியில் டீ வாங்கிக் கொடுத்தான். நான் அதை அவன் முதலில் ஒரு வாய் குடிக்கும்வரை குடிக்கவில்லை.

இதற்கு நடுவில் வீட்டில் வேறு ஒரு சந்தேகம். சமீரா அரையாண்டில் சமூக அறிவியலில் முப்பத்திரண்டு மார்க். அதில் பூமிப் பாடத்தில் மட்டும் சுத்த வட்டமாக முட்டை. ஆண்டுப் பரீட்சைக்கு நான்தான் தினமும் கேள்வி கேட்க வேண்டும் என்று நஜியா உத்தரவு. நான் பத்தாவதில் மூன்று தடவை பள்ளிக்கூடத்துக்கு மரியாதை செய்துவிட்டு வெளியே வந்தவன், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு விடையைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். பூமிக்கு மேலே மேலோடு, அதற்குள்ளே கவசம், நடுவில் கருவம் என்று அவள் தடங்கல் இல்லாமல் சொல்கிறாள். முட்டை வாங்கின பெண் எப்படி இப்படிச் சொல்கிறாள், எங்கேயோ எழுதி வைத்திருக்கிறாளா என்று அவள் உள்ளங்கையைப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தது. சமையலில் உம்மாவுக்கு உதவி செய்கிறாள் போல என்று மகிழ்ந்தேன் பாருங்கள், அதுதான் என் புத்தி.

புத்தகத்தின் மேலேயும் எனக்குச் சந்தேகம் வந்தது. "இங்க போர் போட்டா இருநூறடிக்குள்ள என்ன வரும்னு போர்க்காரனுக்கே தெரியல. ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் உள்ள என்ன இருக்குன்னு எவன் எறங்கிப் பாத்தான்?" என்று கேட்டேன்.

"யாரும் எறங்கல அத்தா. பூகம்பம் வந்தா அதோட அலை உள்ள போயி வருதுல்ல, எங்க வேகமா போவுது, எங்க வளையுது, எது தண்ணி மாதிரி எடத்துல நின்னுடுதுன்னு கணக்குப் பாத்து சொல்றாங்க."

"ஊகந்தான?"

"நீங்க ஆளுங்க மேல சந்தேகப்படுறது ஊகம். இது சோதனை."

நஜியா அடுப்படியிலிருந்து சிரித்த சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சிரிப்பும் சந்தேகமாகவே இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆவை விட முடியாது. பழம் வைக்கிறவன் நான் தொழப்போகிற நேரம் பார்த்துத்தான் வைக்கிறான். கடையைக் காவல் காக்க செம்பியனைக் கேட்டால் மறுபடி வயிற்றைப் பிடிக்கிறான். அந்த நேரத்தில் சும்மா இருக்கிற ஒரே ஆள் ராஜாமணி. ஆகவே யார் மேல் சந்தேகமோ அவனையே காவலுக்கு வைத்துவிட்டுத் தொழப் போனவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். திரும்பி வந்தபோது கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"பாய், மந்திரவாதி உள்ளதான் இருக்கு. சத்தம் போடாம போயிப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். சமீரா. முன்னால் புத்தகம், பக்கத்தில் கலர் சாக்பீஸ் டப்பா, அறுத்த எலுமிச்சம்பழம், கையில் ஆணி. என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கவில்லை, "வாங்கத்தா, படிக்கிறேன்" என்றாள். பவானி டீச்சர், பாடம் மனசில் நிற்கவில்லை என்றால் கண்ணால் பார், கையால் தொடு என்று சொல்லியிருக்கிறார்களாம். உருகி இறுகின தீப்பாறைக்குச் சிவப்புப் பொட்டு, அடுக்கடுக்காகப் படிந்த படிவுப்பாறைக்கு மஞ்சள், சூட்டிலும் அழுத்தத்திலும் குணம் மாறிய உருமாறிய பாறைக்குப் பச்சை, அது மார்பிள், அதற்காகத்தான் ராஜாமணி கடைக்கும் போயிருக்கிறாள். கல்லில் சுண்ணாம்பு இருந்தால் ஆணியால் கீறி அந்தத் தூள் மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் குமிழி விடும், கிரானைட் ஒன்றும் பேசாது. வீடு வரைக்கும் கல்லைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, நான் இருக்கும்போது கல்லைக் கீறினால் விடமாட்டேன். அதனால் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு இடைவேளையில் வருகிற ஜும்ஆ நேரம்.

இதுவரை சந்தோஷம்தான் மச்சான். அதற்குப் பிறகு அவள் தங்கள் வீட்டு மேடைக்குப் போட்டோமே, அதே லோடில் மிச்சமிருந்த கருப்புக் கல்லைத் திருப்பி வைத்தாள். அதன் முதுகில் மஞ்சள் பொட்டு. ஒரு சொட்டுப் பிழிந்தாள். கல் குமிழி விட்டது. ராஜாமணி குனிந்து பார்த்துவிட்டு, "அடடே" என்றான். அந்த அடடேயில் எத்தனை வருஷத்துச் சிரிப்பு இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். "மாமா வூட்டுல மாமி எலுமிச்சை பிழியிற எடத்துலயும் புளித் தண்ணி வைக்கிற எடத்துலயும்தான் திட்டு இருக்கு அத்தா, நார் போட்டுத் தேய்க்கிற எடத்துல இல்ல. பெருநாளைக்கே பாத்தேன்" என்றாள்.

மச்சான் அவர்களே, தாங்கள் நியாயஸ்தர். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துச் சொல்வதை எடுத்துக்கொள்வீர்களா, பதினேழு வருஷம் கல்லோடு குடித்தனம் நடத்துகிறவன் சொல்வதை எடுத்துக்கொள்வீர்களா? அந்த லோடு அனுப்பின ஏஜெண்ட் சுப்பிரமணியன் கிரானைட் என்று சொன்னான், பில்லில் கிரானைட் என்று போட்டிருக்கிறது, ஆகவே அது கிரானைட். தொட்ட பழம் கெட்டுப்போன பழமாக இருந்திருக்கலாம். ராஜாமணியே பழத்தில் எதையாவது தடவிக் கொடுத்திருக்கலாம், அவன் மேல் எனக்கு முழுச் சந்தேகம் இன்னும் போகவில்லை. ஆகவே தாங்கள் சமீராவுக்குப் போன் செய்து, பரீட்சைக்குப் புத்தகத்தில் இருப்பது போதும், மாமா வீட்டு மேடை சிலபஸில் இல்லை என்று அன்பாகச் சொல்ல வேண்டும். அக்காவிடமும், அடுத்தமுறை மெல்லிய துணியால் துடைத்துப் பார்க்கும்படி சொல்லவும்.

பெரியவர்களுக்கு என் ஸலாம், சின்னவர்களுக்கு என் முத்தம், அடுப்படிப் பக்கம் நிற்பவர்களுக்கு என் மரியாதை. தங்கள் வீட்டில் பரக்கத் நிறைய துஆவுடன்,

தங்கள் தங்கை வீட்டுக்காரன்,
ரஹ்மத்துல்லா

பி.கு. புதன்கிழமை காலை. ராத்திரி கவரை ஒட்ட மறந்துவிட்டேன், விடியற்காலை சமீரா படித்துவிட்டாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மேலே எழுதியதில் ஸலாமையும் துஆவையும் வைத்துக்கொண்டு பாக்கியை அடித்துவிடவும். தங்கள் வீட்டில் இருப்பது கிரானைட் இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்கு எண்ணெய் பூசிக் கருப்பாக்கினது. அக்கா தேய்த்ததில் ஒரு தப்பும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் செம்பியனும் வேறு கல்லோடு வருகிறோம், சமீரா சோதித்துச் சிவப்புப் பொட்டு வைத்த கல். எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும்தான் திருப்பி வாங்க வேண்டும் என்று நஜியா சொல்கிறாள், ஆகவே அன்றைக்கு வீட்டில் ஆட்கள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளவும்.

இன்னொன்று. இன்றைக்குத்தான் சமூக அறிவியல் பரீட்சை. வாசலில் செருப்பு மாட்டும்போது சமீரா திரும்பிப் பார்த்துக் கேட்டாள். "அத்தா, லோடு எறக்குன அன்னிக்கே உங்களுக்குச் சந்தேகம் வரலையா?"

ஊரில் எல்லார் மேலும் சந்தேகப்படுகிறவன் நான். "நேரமாவுது, ஹால் டிக்கெட்டு எடுத்துக்கிட்டியா?" என்றேன். ஒன்பதாம் வகுப்புக்கு ஹால் டிக்கெட் கிடையாதாம். சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

சந்தேகம் வந்தது மச்சான். அன்றைக்குச் சுப்பிரமணியனிடம் "இது கிரானைட்டுதானே" என்று ஒரு தடவை கேட்டேன், அவன் பதில் சொல்லாமல் சிரித்தான், நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை.