ரூப்பர்ட் குறை சொல்ல முடியாத பனி

ரூப்பர்ட் ஒரு கை பனியை அள்ளி, விரல்களுக்கு நடுவே வைத்துப் பிசைந்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. அதுதான் அவருக்குக் கவலை.

நாலு நாள் விடாமல் கொட்டித் தீர்த்துவிட்டு, ஐந்தாம் நாள் காலையில் வானம் பளிச்சென்று வெளுத்திருந்தது. காற்று இல்லை. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரியில் அசையாமல் நின்றது. ஹின்டர்மோஸ் மலையில் இப்படி ஒரு பனி விழுந்து எத்தனையோ வருடம் ஆகிறது. மலைக்கடையின் வெயில் பக்கச் சுவரை ஒட்டிப் போட்ட மேசையில் நாலு பேர் உட்கார்ந்துகொண்டு அவர் வாயையே பார்த்தார்கள்.

"என்னப்பா ரூப்பர்ட், இன்னிக்கு என்ன குறை?" என்று கேட்டார் வின்சென்ஸ். ஓய்வுபெற்ற தபால்காரர். மேசையில் மூத்தவர்.

ரூப்பர்ட் இன்னொரு கை பனியை அள்ளினார்.

ரூப்பர்ட்டைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது இதுதான்: கீழே கடைத்தெருவில் சறுக்குப் பலகைகளுக்கு விளிம்பு தீட்டி, வழுக்கி ஓட மெழுகு போட்டுக் கொடுப்பவர், பனியின் தரத்தில் அவருக்கு மேல் நீதிபதி கிடையாது, மட்டமான பனியில் காலை வைக்கமாட்டார். ஊருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. அவருக்குச் சறுக்கத் தெரியாது.

சின்ன வயதில் இழுப்பு வந்ததால், மலைக்காற்று ஆகாது என்று தட்டையான புர்கன்லாந்தில் சித்தி வீட்டில் விட்டுவிட்டார்கள். முப்பத்திரண்டு வயதில் மாமாவின் கடைக்கு வாரிசாகத் திரும்பி வந்தார். உனக்குச் சறுக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் பிறந்தவனிடம் அப்படிக் கேட்பது, சாப்பாட்டை மென்று விழுங்கத் தெரியுமா என்று கேட்பதற்குச் சமம். கேட்காததால் அவரும் சொல்லவில்லை. பிறகு, சொல்லியிருக்க வேண்டிய நாளெல்லாம் கடந்துபோய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மற்றவர்களைப் போல அவரும் பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோப்காரில் மேலே வருவார். மலைக்கடை வாசலில் பலகைகளை நட்டுவைப்பார். பனியைப் பிசைவார். உதட்டைப் பிதுக்குவார். சூப்பும் சாராயமும் வெயிலுமாகப் பொழுது போகும். சாயங்காலம் ரோப்காரிலேயே இறங்கிவிடுவார். பனி பொய்த்த வருடங்களில் கவலையே இல்லை. மலையெங்கும் புல் தெரிய, நடுவில் ஒரு கோடு மட்டும் மெஷின் பனி கிடக்கும். "மெஷின் துப்பினதுல நான் இறங்கமாட்டேன்" என்றால் விஷயம் முடிந்தது. பனி கொழித்த வருடங்களில்தான் மூளையைக் கசக்க வேண்டியிருந்தது. ஒரு வருடம் ஈரம் அதிகம் என்றார். ஒரு வருடம் மேலே ஓடு கட்டிவிட்டது என்றார். இன்னொரு வருடம் பனிமேல் எங்கிருந்தோ பாலைவனத் தூசி வந்து படிந்து அவரைக் காப்பாற்றியது. இப்படியே இருபத்திரண்டு வருடம்.

மேசையின் மற்ற நாலு பேரும் அவருடைய சீடர்கள். ரூப்பர்ட் இறங்காத பனியில் நாங்கள் மட்டும் இறங்குவோமா என்று அவர்களும் பலகைகளைத் தூக்கிக்கொண்டு ரோப்காரிலேயே திரும்புவார்கள். அந்த விசுவாசம்தான் ரூப்பர்ட்டைப் பயமுறுத்தியது. இத்தனை வருடம் தன்னால் சும்மா உட்கார்ந்தவர்கள், உண்மை தெரிந்தால் என்ன செய்வார்கள்? சறுக்கத் தெரியாதவனிடம் எவன் பலகையைத் தீட்டக் கொடுப்பான்? கடையை இழுத்து மூடவேண்டியதுதான். மனைவி ரோஸ்வீட்டாவிடம் வேறு, பெண் பார்த்த காலத்தில், கறுப்புத் தடத்தை நாலு நிமிடத்தில் இறங்கியிருக்கிறேன் என்று அளந்துவிட்டிருந்தார். மலையிலேயே செங்குத்தான தடம் அது.

"இந்தக் குளிர்ல மெழுகு பிடிக்காதுன்னு நீயே ஒரு தடவை சொல்லியிருக்கியே" என்றார் எர்வின். கறிக்கடைக்காரர். தோள் அகலமும் குரல் கனமும் உள்ளவர்.

ரூப்பர்ட்டுக்குச் சுருக்கென்றது. தன் தொழிலையே நக்கலடிக்கிறான்.

"நான் போடற மெழுகு எந்தக் குளிர்லயும் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் ஒரு நல்ல சாக்கைக் கையில் வாங்கித் தூர எறிந்தது உறைத்தது. அவசரமாக, "பனி நல்ல பனிதான். ஆனா இன்னும் இறுகலை. ஒரு வாரம் ஆகணும்" என்றார்.

அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். மலைக்கடைக்காரி நோட்புர்கா அந்த நேரம் பார்த்து உருண்டை சூப்போடு வந்து நின்றாள்.

"ஒரு வாரம்தானே? அடுத்த ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாம்" என்றாள். "ரூப்பர்ட் முன்னாடி, நீங்க நாலு பேரும் பின்னாடி, கறுப்புத் தடத்துல இறங்குறீங்க. இல்லைன்னா திங்கக்கிழமையில இருந்து இந்த மேசை டூர் வர்ற ஹாலந்துக்காரங்களுக்கு. அவங்களாவது சறுக்கிட்டு வந்து பசியோட திங்கறாங்க."

யாரும் பேசவில்லை. மர அறுவை ஆலை அண்ணனும் தம்பியும் எப்போதுமே பேசாதவர்கள்; இப்போது சூப்புக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்கள். ரூப்பர்ட் அந்த மௌனத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் காத்திருந்தவர்களின் மௌனம் அல்லவா.

திங்கட்கிழமை காலை ரூப்பர்ட் எர்வினின் கறிக்கடைக்குள் நொண்டிக்கொண்டே நுழைந்தார். ஊருக்குச் சேதி பரவ அதைவிட நல்ல இடம் கிடையாது. எர்வின் கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். எந்த முட்டி, எப்போதிலிருந்து, இரண்டும் வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே கடைக் கதவைச் சாத்தினார். ரூப்பர்ட்டைக் காரில் ஏற்றினார். அவர் மச்சான் பக்கத்து ஊரில் எலும்பு டாக்டர்.

டாக்டர் அமுக்கிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். எர்வின் விடவில்லை. "நல்லாப் பாருங்க மச்சான். படம் எடுங்க" என்று நின்றார். படம் எடுத்தார்கள். எர்வின் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இன்னொரு கோணத்தில் எடுக்கச் சொன்னார். அதையும் எடுத்தார்கள். முப்பது வயதுக்காரன் முட்டி என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தானும் கீழே வந்து நின்று பார்க்கப் போவதாகச் சொன்னார்.

திரும்பி வரும் வழியெல்லாம் எர்வின் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்த அந்தக் கைகளையே ரூப்பர்ட் பார்த்துக்கொண்டு வந்தார். பொய் நொண்டி நொண்டினதைக் கண்டுபிடித்துவிட்டான், கோபத்தை அடக்கிக்கொண்டு ஓட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை வேறு வழி பார்த்தார். ரோப்கார் மேலாளரைப் போய்ப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை வெளியூர்க் கூட்டம் தாங்காது, யாராவது குறுக்கே வந்தால் என் வேகத்துக்கு விபத்தாகிவிடும், வேண்டாம் என்று விட்டுவிடலாம் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். மேலாளர் நெகிழ்ந்துபோனார். உங்களுக்கு இல்லாத மரியாதையா என்றார். ஞாயிறு காலை ஏழரைக்கு, கூட்டத்துக்கு முன்னால், அந்த ஐந்து பேருக்காக மட்டும் ஒரு ரோப்கார் ஓடும். யாரும் கால் வைக்காத தடத்தில் அவர் முதலில் கோடு போடலாம். இதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கீழ் நிலையத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியும்விட்டார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது எப்படி என்று இனி ரூப்பர்ட்டிடம்தான் கேட்கவேண்டும்.

ரோஸ்வீட்டா அதைப் படித்துவிட்டு வந்து, மூன்று ஊரிலுள்ள தன் அக்கா தங்கைகளுக்கெல்லாம் போன் போட்டாள். நாலு நிமிடம் என்று சொன்னாரே, ஐம்பத்து நாலு வயசில் ஒரு நிமிடம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை என்று அவரைத் தட்டிக்கொடுத்தாள். அந்த மலையில் மேலிருந்து கீழே போய்ச் சேர அதிக நேரம் ஆகாது என்பதுதான் ரூப்பர்ட்டின் பயமே.

புதன்கிழமை வின்சென்ஸ் தன் பலகைகளைத் தீட்டக் கொண்டுவந்தார். விளிம்பெல்லாம் துரு. கல்லாவின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, ரொம்ப நேரம் வேறு எதையோ பேசினார். பிறகு மெதுவாக, "பனி இறுகப் பத்து நாள் ஆகணும்னு சிலர் சொல்றாங்களேப்பா?" என்றார்.

கிழவர் ஆழம் பார்க்கிறார் என்று ரூப்பர்ட்டுக்குப் பட்டது. ஆமாம் என்றால், போன ஞாயிறு ஒரு வாரம் என்றாய், இப்போது பத்து நாளா என்று மடக்குவார். "யார் சொன்னது? ஏழு நாள் போதும்" என்று வெட்டிவிட்டார்.

வின்சென்ஸ் தீட்டின பலகைகளை எடுத்துக்கொண்டு, தலையை ஆட்டியபடி போனார். அந்தக் காலத்தில் சாவுத் தந்தி கொடுக்க வரும்போது இருந்த அதே முகம்.

இனி மனிதர்களை நம்பிப் பயனில்லை. தெற்கிலிருந்து வெப்பக்காற்று கிளம்பினால் ஒரே நாளில் மலை கஞ்சியாகிவிடும். வியாழக்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டிக்கொண்டு, ஒரு மெழுகுவத்தி ஏற்றலாம் என்று கோயிலுக்குப் போனார். அங்கே அறுவை ஆலைக்கார அண்ணன் ஏற்கெனவே இரண்டு வத்தி ஏற்றிவிட்டு மண்டியிட்டிருந்தார். வானம் வெளுத்தே இருக்கவேண்டும், ரூப்பர்ட் தப்பிக்கக் கூடாது என்றுதான் அந்த மனிதர் வேண்டிக்கொண்டிருக்கவேண்டும். ரூப்பர்ட் மூன்று வத்தி ஏற்றினார். அன்று சாயங்காலம் குளிர் இன்னும் இரண்டு டிகிரி இறங்கியது.

மிச்சமிருந்தது ஒரே வழி. கற்றுக்கொள்வது.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்குக் கடைசி ரோப்காரில் மேலே போய், உச்சி நிலையத்துக் கழிப்பறையில் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கூட்டம் இறங்கி, சத்தம் அடங்கிய பிறகு வெளியே வந்தார். ஒரு ஈ காக்கை இல்லை. ஊருக்கே பூட்டிச் சரிசெய்து கொடுத்த கை, தன் காலில் பலகையை மாட்டும்போது மூன்று தடவை தவறியது. எத்தனை ஆயிரம் பேருக்கு இதைச் செய்திருக்கிறோம், யாரும் செத்துவிடவில்லையே என்று தைரியம் சொல்லிக்கொண்டார். பிறகு தடத்தின் விளிம்புக்கு வந்து கீழே பார்த்தார்.

கீழே தடமே தெரியவில்லை. ஊர் தெரிந்தது. அவர் கடைக் கூரை தெரிந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை.

வேண்டாம், திரும்பிவிடலாம் என்று முடிவெடுத்தார். முடிவெடுத்தது தலைதான், பலகைகள் அதற்குள் புறப்பட்டுவிட்டன. அவருடைய மெழுகு உண்மையிலேயே எந்தக் குளிரிலும் பிடிக்கக்கூடியது. அம்மா என்று கத்தினார். பனி வாயில் புகுந்தது. ஒரு பலகை கழன்று, தன் பாட்டுக்குக் கச்சிதமாக வளைந்து வளைந்து இறங்கிப் போனது. அவர் ஒரு பள்ளத்துக்கு முன்னால் நட்டிருந்த ஆரஞ்சுக் கம்பத்தில் போய் மோதி, அதை இரண்டு கைகளாலும் ஒரு காலாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அசைந்தால் போய்விடுவோம் என்று தெரிந்தது. மூச்சுக்கூடச் சின்னதாக விட்டார். வெயில் எதிர் மலைக்குப் பின்னால் இறங்கியது. விரல்கள் மரத்தன. இங்கேயே விறைத்துப்போனால், நாளைக் காலை முதல் ரோப்காரில் வருகிறவர்கள் தன்னைக் கம்பத்தோடு சேர்த்துத்தான் பார்ப்பார்கள். உயிர் போவதைவிட அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. விசும்பி விசும்பி அழுதார்.

தடம் மூடிய பிறகு, யாராவது மாட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று ரோந்துக்காரர்கள் ஒரு தடவை மேலிருந்து சறுக்கிக்கொண்டே வருவது வழக்கம். அந்த வாரம் கெர்லிண்டாவின் முறை. முப்பது வயதுப் பெண். அடிபட்டவர்களைப் படுக்கவைத்து இழுக்கும் சறுக்கு வண்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர் பக்கத்தில் வந்து சத்தமில்லாமல் நின்றாள். ஆச்சரியப்பட்டதாகவே தெரியவில்லை. கம்பத்திலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வண்டியில் படுக்கவைத்துக் கம்பளி போர்த்தினாள்.

ரூப்பர்ட் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். புர்கன்லாந்து, பாலைவனத் தூசி, பொய் முட்டி, எல்லாம்.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "முக்கியமா எங்க மேசைக்காரங்க நாலு பேருக்கும் தெரியவே கூடாது. நான் எப்ப மாட்டுவேன்னு நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு இருக்காங்க."

கெர்லிண்டா வண்டியின் பட்டையை அவர் மார்புக்கு மேல் இழுத்துக் கட்டினாள்.

"பேசாம படுங்க மாமா. செவ்வாய்க்கிழமை கறிக்கடைக்காரர், முந்தாநாள் வின்சென்ஸ் தாத்தா, நேத்து அண்ணனும் தம்பியும் ஒண்ணா. இந்த வாரம் பூரா இதே கம்பத்துல இருந்து பிரிச்சு எடுக்கறதுதான் எனக்கு வேலை. நாலு பேரும் ஒரே பாட்டைத்தான் பாடி அழுதாங்க: 'எங்களுக்குத்தான் சறுக்கத் தெரியாது, அந்த ரூப்பர்ட் பாவிக்கு இந்தத் தடவை ஒரு குறை சொன்னா என்ன குறைஞ்சுபோயிடும்?'"