ஏழரை ஆன்ட்டியும் எங்கள் லாண்டரி ரூமும்

கலிஃபோர்னியாவில் எங்கள் ஊரான மில்பிடாஸின் தமிழ்க் கணவர்கள் பயந்தது இரண்டுக்குத்தான்: லே-ஆஃப், ஏழரை ஆன்ட்டி. லே-ஆஃபாவது மெயில் அனுப்பிவிட்டு வரும்.

ஆன்ட்டி கவுன்ட்டி அரசாங்கத்தில் சோஷியல் வொர்க்கர். ஒரு வீட்டில் அடிதடி என்று பள்ளிக்கூடத்திலிருந்து தகவல் போனால், தமிழ் தெரிந்தவர் என்று இவரை அனுப்புவார்கள். பிடித்தால் விடமாட்டார் என்பதால் அந்தப் பெயர். வைத்தவர் தமிழ்ச் சங்கச் செயலாளர். எங்கள் அபார்ட்மென்ட்டில் எனக்கு நேர் கீழ் வீட்டுக்காரர். அவர் மனைவி கவிதா அடிக்கடி மாடிப்படியில் விழுந்து முகம் வீங்கி நிற்பாள். அவர்கள் இருந்ததோ தரைத்தளம்.

மகள் டீச்சரிடம் எதையோ சொல்லிவிட, ஆன்ட்டி வந்து கதவைத் தட்டினார்.

"இது எங்க ஃபேமிலி மேட்டர், மேடம்" என்றார் செயலாளர்.

"ஃபேமிலி மேட்டர்னாதான் தம்பி நான் வருவேன். ரோட்டு மேட்டர்னா டிராஃபிக் போலீஸ் வருவான்."

"காபி சாப்பிடறீங்களா?"

"குடுங்க, சர்க்கரை தூக்கலா. ஆனா காபிக்கெல்லாம் கேஸ் க்ளோஸ் ஆகாது."

காபி மூடாத கேஸைப் பயம் மூடிவிட்டது. கவிதாவின் விசா கணவன் கையில். வாயைத் திறந்தால் மகளை விட்டுவிட்டு ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான் என்று மிரட்டி வைத்திருந்தார். கவிதா பேசவில்லை.

அப்புறம்தான் ஆன்ட்டி கூத்தை ஆரம்பித்தார். வீட்டில் வாஷிங் மெஷினை வைத்துக்கொண்டு, லீவு நாளான சனிக்கிழமைதோறும் துணி மூட்டையோடு எங்கள் அபார்ட்மென்ட்டின் பொது லாண்டரி ரூமுக்கு வந்தார். கதவைத் திறந்துவிடுவது என் வேலை. துவைத்த புடவைகளையே துவைத்தார். செயலாளர் கவிதாவைத் தனியாக விடும் ஒரே இடம் அதுதான். துணி துவைப்பது பெண்கள் வேலையாயிற்றே! மெஷின் இரைச்சலில் பேச்சு வெளியே கேட்காது. ஆன்ட்டியின் புடவைகள் எல்லாம் வெளுத்து ஒரே நிறமான பிறகு, ஒருநாள் கவிதா பேசினாள். அடுத்த வாரமே மகளோடு பாதுகாப்பு இல்லத்துக்குப் போய்விட்டாள். இப்போது டல்லாஸ் பக்கம் வேலையில் இருக்கிறாள்.

சங்கம் என்ன செய்தது? அந்த வருடப் பொங்கல் விழாவில் செயலாளருக்குப் பொன்னாடை போர்த்தி, குடும்பப் பண்பாடு பற்றிப் பேச வைத்தது. ஆன்ட்டியிடம் வாசலிலேயே "சீட் ஃபுல், மேடம்" என்றார்கள். உள்ளே பாதி நாற்காலி காலி.

"பரவால்லப்பா. பொங்கலையாவது பார்சல் கட்டிக் குடு."

அதையும் கட்டவில்லை.

போன மாதம் ஆன்ட்டிக்கு முழங்கால் ஆபரேஷன். சங்கத்திலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நான் ரசம் கொண்டுபோனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"என்னம்மா, வீட்ல என்ன பிரச்சனை?"

"ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. சும்மா உங்களப் பாக்கத்தான்."

நம்பவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று நீட்டிக்கொண்டே இருந்தேன்.