உச்சி உருமத்தில் குளிர்ந்த ஷெட்டு

உயிரே போனாலும் தறி ஷெட்டில் பாதியைத் தையல் மெஷினுக்கு விட்டுத் தருவதில்லை என்று காளீஸ்வரன் முடிவெடுத்தான். அந்த வீர முடிவைக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு, தனக்கு மட்டும் கேட்கும்படி ஒரு தரம் சொல்லியும் பார்த்தான்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் ரோட்டோரம், வீட்டுக்குப் பின்னால் இருந்தது அந்தத் தகர ஷெட்டு. சித்திரை வெயிலில் உள்ளே அப்பளம் சுடலாம். ஆனாலும் மத்தியானம் தறியை நிறுத்தி, பாயை விரித்து, யார் தொந்தரவும் இல்லாமல் அவன் கண்ணயர உலகத்திலேயே அந்த ஓர் இடம்தான் உண்டு. மனைவி தேவிபிரியாவுக்கோ பக்கத்து வீட்டுத் தஸ்லீமாவோடு உட்கார்ந்து ஜாக்கெட் தைக்க முன்னறை போதவில்லை.

"அந்த வேக்காட்டுல எப்படித் தைப்பீக? கூலர் வாங்கணும்னா லோனுல்ல போடணும்?" என்றான் காளீஸ்வரன்.

"குளுமைக்கு நான் வழி பண்றேன். எடத்த மட்டும் விடுங்க."

"எடத்துலதான் புள்ள சிக்கலே."

"என்ன சிக்கலு?"

வாயில் வந்ததைச் சொன்னான். "உச்சி உருமத்துல கூரை மேல ஒருத்தன் நடமாடுறான்."

"பாத்தீகளா?"

"பாத்திருந்தா உன்கிட்டப் பேசிக்கிட்டு நிப்பேனா? சத்தம் மட்டுந்தான். கூடவே சில்லுன்னு ஒண்ணு எறங்கும். பொம்பளையாளுகளக் கண்டா விடவே மாட்டான்."

தேவிபிரியாவின் கண் அகல விரிந்தது. ஷெட்டுப் பேச்சை அத்தோடு விட்டாள். காளீஸ்வரனுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுதில் தறியை நிறுத்திவிட்டுப் படுத்தான். அந்தக் கடகடப்பு ஓய்ந்ததும் வருகிற அமைதி கொஞ்சம் பயங்கரமானது. வெளியே கரிசல்காட்டில் கானல் ஆடியது. ஒரு காக்கை கூடக் கத்தவில்லை.

டொம்.

தலைக்கு மேலே தகரம் அமுங்கியது. பிறகு நிமிர்ந்தது. இன்னோர் எட்டு. இன்னோர் எட்டு. கனமான எதையோ இழுத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தது அது. சரியாக அவன் நெஞ்சுக்கு நேர் மேலே வந்து நின்றது.

ஸ்ஸ்ஸ் என்று பல்லிடுக்கில் விடுகிற மூச்சுப்போல நீளமாக ஒரு சத்தம். வானத்தில் மேகமே கிடையாது. ஆனால் ஈரவாடை அடித்தது. ஆணி ஓட்டை வழியாக ஒரே ஒரு சொட்டு அவன் நெற்றியில் விழுந்தது. பிறகு அந்தக் குளிர், கூரையிலிருந்து மெல்ல மெல்ல இறங்கி அவன் கால் விரலைத் தொட்டது.

சித்திரை மாதத்தில் அருப்புக்கோட்டைக்காரன் ஒருவனுக்குக் குளிர்ந்தால் அது பேயின் வேலையாகத்தான் இருக்க வேண்டும். தான் இட்டுக்கட்டிச் சொன்ன அடையாளமெல்லாம் ஒன்று விடாமல் வரிசையாக வருகிறதே! பொய் சொன்னவனைத் தேடியே வந்துவிட்டானா?

"யா... யாரு?"

சத்தம் நின்றது. பிறகு மேலிருந்து யாரோ பதமாகத் தட்டினார்கள். டக். டக். டக்.

தோளில் கிடந்த துண்டு தறியில் மாட்டி நின்றது. காளீஸ்வரன் நிற்கவில்லை.

முன்னறையில் தஸ்லீமாவும் தேவிபிரியாவும் தைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேச்செல்லாம், முந்தின நாள் ஷெட்டுப் பேச்சு உட்பட, பரம்பரைக் கன்னடத்தில்தான். அன்றைக்கு அவள் தமிழில் ஆரம்பித்தாள். யார் காதுக்காக என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். மூச்சே வராதவன் எங்கே யோசிப்பது?

"இனிமே உச்சி உருமத்துல ஷெட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன்னு சொல்லுங்க."

"வைக்க மாட்டேன்!"

"சௌடேஸ்வரி அம்மன் மேல சத்தியமா?"

"அம்மன் மேல சத்தியமா!"

"தஸ்லீமாக்கா, கேட்டுக்கிட்டீகளா?"

"நல்லாக் கேட்டுக்கிட்டேன்."

அதற்கடுத்த நாள் உச்சிப்பொழுதில் ஷெட்டுக்குள்ளிருந்து தையல் மெஷின் சத்தம் வந்தது. கூடவே சிரிப்பு. காளீஸ்வரன் சுவரோரமாகப் பதுங்கிப் போய்ப் பார்த்தான். கூரை முழுக்கப் பழைய நூல் சாக்கு விரித்திருந்தது. துணி அலசின தண்ணீரைக் குடம் குடமாக அதன் மேல் ஊற்றிக்கொண்டிருந்தான் மச்சினன் சௌடையா. தகரம் ஸ்ஸ்ஸ் என்றது.

"மாமா, நேத்து நடந்ததுக்கு மன்னிச்சுக்கங்க," என்றான் அவன் மேலிருந்து. "யாருன்னு கேட்டீக. வாயத் தொறக்கக் கூடாதுன்னு அக்கா சொல்லிருச்சு. மரியாதை இல்லாம எப்படிச் சும்மா இருக்குறது? அதான் தட்டுனேன்."

வாசலில் நின்ற காளீஸ்வரன் முகத்தில் உள்ளிருந்து குளுமை வந்து மோதியது. பத்து வருஷமாக அவன் வெந்துகொண்டே தூங்கிய இடம்! ஆசை தாங்காமல் ஒரு காலைத் தூக்கினான்.

"சத்தியம்," என்றார் தஸ்லீமா, ஊசியில் நூல் கோத்தபடியே.

கால் வந்த வழியே திரும்பியது.

"அது உள்ளுக்குத்தானேக்கா, கூரைக்கு இல்லையே," என்றாள் தேவிபிரியா, தையலை நிறுத்தாமல். "சௌடையா நாளைக்கு வேலைக்குப் போகணும்ங்க. கூரை மேல ஒருத்தன் நடமாடுறான்னு சொன்னீகள்ல? இனிமே அந்த ஒருத்தன் நீங்கதான், ஏறுங்க."