அக்காவின் இடது காலும் அடங்காத கிளட்ச்சும்

வாழி அக்காவின் இடது கால். குதியில் வெடிப்பும் கட்டைவிரல் நகத்தில் பழைய காயத்தின் கறுப்பும் அணிந்தது அது. நெரிசல் பஸ்ஸில் வலது கால் வைக்க இடமின்றித் தான் ஒற்றையாய் நின்று முழு உடலையும் தாங்கிப் பழகியது. நான்கு ஆண்டு பிசியோதெரபி படித்தவளை மூன்று மாடி ஏற்றி இறக்கியும் சலியாதது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அது புரிந்த போரை இங்கே உரைக்கிறோம். சொல்லில் பிழை நேர்ந்தால் அவையோர் பொறுத்தருள்க. கியரில் பிழை நேர்ந்தால் பொறுக்க வேண்டியவர் அப்பா. அவர் பொறுக்க மாட்டார்.

போர் மூண்ட காரணம் கேளுங்கள். படுக்கையில் விழுந்தவர்களின் வீடு தேடிச் சென்று, மரத்துப்போன கைகால்களுக்குப் பயிற்சி கொடுத்து எழுப்பி நடக்கவைக்கும் வேலை ஒன்று அக்காவுக்குக் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சொந்தக் காரோடு வந்து நிற்க வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிடுவோம் என்று மேலாளர் அம்மையார் போனிலேயே சாசனம் பொறித்துவிட்டார். அதன்பொருட்டு வந்து சேர்ந்தது, இருவர் கையில் உழன்று மூன்றாம் கையை நாடிய, பதினோரு வயது நிரம்பிய, விற்றவரால் வெள்ளி நிறமென்றும் மற்றெல்லோராலும் சாம்பல் நிறமென்றும் போற்றப்பட்ட ஒரு கார். அதைத் தேர்ந்தெடுத்தவர் அப்பா. ஆகவே அதில் குறை இருக்க முடியாது.

குறை இருந்தது. வந்த நாள் தொட்டு நான்கு நாட்களாக, மிதித்த மாத்திரத்தில் கிளட்ச் பெடல், கப்பம் கட்டவந்த சிற்றரசன் போலத் தரையோடு தரையாய் விழுந்து வணங்கியது, வணங்கியது எழவில்லை. பெருவிரலை அதன் அடியில் நுழைத்து அக்காவே அதை நிமிர்த்த வேண்டியிருந்தது. கியரைத் தொட்டாலோ, பெட்டிக்குள் ஆயிரம் வாள்கள் ஒன்றோடொன்று உரசித் தெரு நாய்களை எழுப்பின. மூன்று நான்கு முறை விடாமல் குத்திக் குத்தி மிதித்தால் மட்டும் பெடலுக்குச் சற்று வீரம் பிறக்கும், கியரும் விழும். அடுத்த திருப்பத்தில் அவ்வீரம் அகன்றுவிடும்.

இருசக்கர வண்டி தவிர வேறொன்றும் ஓட்டியறியாதவரும், ஆயினும் பக்கத்து இருக்கையில் அமர்ந்து கார் ஓட்டுவதில் இருபது ஆண்டு அனுபவம் வாய்ந்தவருமான அப்பா, வாசற்படியில் நின்று தீர்ப்புரைத்தார்.

"வண்டில ஒண்ணும் இல்ல. குறை உன் கால்லதான். அரை மனசா மிதிக்கிற."

"முழு மனசா மிதிச்சாதாம்ப்பா தரைக்குப் போகுது."

"அதைத்தான் சொல்றேன், மிதிக்கத் தெரியல. ரெண்டு மாசம் மைதானத்துல ஓட்டிப் பழகு. இந்த வேலை போனா இன்னொண்ணு."

ஊரார் கால்களைத் திருத்தப் புறப்பட்டவளின் காலையே பழித்த இச்சொல், வில்லிலிருந்து புறப்பட்ட அம்பாய் வந்து தைத்தது. அக்கா செருப்பைக் கழற்றி வாசலில் விட்டாள்; இடது காலை ஒருமுறை மடக்கி நீட்டினாள்; உள்ளே போய் மெக்கானிக்குக்குப் போன் செய்தாள்.

வந்தார் முக்கால் அண்ணன். எந்த வேலையை எந்த நேரத்தில் விசாரித்தாலும் "முக்கால்வாசி முடிஞ்சிடுச்சு" என்று மொழிவதால் அப்பெயர் பெற்றவர். கிரீஸ் தோய்ந்த சட்டையையே கவசமாகவும், ஸ்பானர்கள் குலுங்கும் கோணிப்பையையே அம்பறாத்தூணியாகவும் கொண்டவர். கதவைத் திறந்து பெடலின் அடியை நோக்கினார். தரைவிரிப்பு துடைத்த தாம்பாளம் போலிருந்தது. "உள்ள சுத்தமா இருக்கு" என்று அத்திசையை நீக்கினார். பானெட்டைத் தூக்கி, கிளட்ச்சுக்கு உரிய ஆயில் குடுவையை வெளிச்சத்தில் பார்த்தார். ஆயில் அடியில் கிடந்தது.

"ஆயில் இறங்கியிருக்கு. அந்த இடத்துல காத்து பூந்துடுச்சு. அதான் பெடல் தொவண்டு போகுது. எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிச்சா முக்கால்வாசி முடிஞ்ச மாதிரி."

குடுவையை நிரப்பினார். பழைய செய்தித்தாள்களை விரித்துக் காரின் அடியில், குகை புகும் சிங்கம் போல மல்லாந்து புகுந்தார். மேலே அக்கா மிதித்தாள். நூறு முறை மிதித்தாள். கெண்டைக்கால் கல்லாகி, முழங்கால் கனலாகி, மாலை வெயில் முன்கண்ணாடி வழியே நெற்றியில் வேல் பாய்ச்ச, எண்ணியெண்ணி மிதித்தாள். கீழே டார்ச் விளக்கோடு குழாயின் ஒவ்வொரு வளைவையும், கியர்பெட்டியின் ஒவ்வொரு மூலையையும் ஒற்றன் போல் துருவினார் அண்ணன். செய்தித்தாளில் தலைப்புச் செய்தி உட்பட ஒன்றும் நனையவில்லை.

"இங்க எங்கயும் ஒழுகலையே. குடிக்கவா செய்யுது?" என்று அடியிலிருந்து அசரீரி எழுந்தது.

அப்பாவின் முகம், முற்றுகை விலகிய கோட்டை போல ஒளிர்ந்தது. "ஒழுகல இல்ல? நான் சொன்னா யாரு கேக்குறா."

அக்காவின் கண்ணில் நீர் கோத்தது. நாளை ஒன்பது மணி, அடுத்த பெயர் கொண்ட யாரோ ஒருத்தி, அவளுடைய குற்றமற்ற கார், எல்லாம் அந்த நீரில் மிதந்தன. அப்போது, ஈரம் என்பதை எங்கு கண்டாலும் பகையெனக் கருதும் அம்மா, காப்பி கொடுக்க வந்தவள், திறந்த கதவினூடே கீழே பார்த்தாள். பார்த்ததும் டம்ளரைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டு, தோளில் கிடந்த துணியை உருவினாள்.

"மறுபடியும் ஈரக்காலோட ஏறிட்டியாடி? தினம் விடிஞ்சா இதே வேலையாப் போச்சு எனக்கு. குளிச்சா காலைத் துடைச்சிட்டு வரக் கூடாதா?"

"நான் இன்னிக்குக் குளிக்கவே இல்லியேம்மா."

காரின் அடியில் அசைவு நின்றது. பின் முக்கால் அண்ணன் தவழ்ந்து வெளிவந்தார். துணியை வாங்கினார்; முகர்ந்தார்; இரு விரலிடை வைத்துத் தேய்த்தார்.

"அம்மா, இது தண்ணி இல்ல. பிரேக் ஆயில். கிளட்ச்சுக்கும் இதைத்தான் ஊத்துறது. எத்தனை நாளா துடைக்கிறீங்க?"

"வண்டி வந்ததுலேருந்து. பிசுபிசுன்னு போகவே மாட்டேங்குது. சோப்பு போட்டுத்தான் துடைக்கிறேன்."

"நாலு நாளா ஆதாரத்தையெல்லாம் துவைச்சுக் காயப்போட்டிருக்கீங்க."

இவ்வாறு துரோகம் வெளிப்பட்டது. பெடலின் தலைமாட்டில், டாஷ்போர்டுக்குப் பின்னே, மாஸ்டர் சிலிண்டர் எனும் இருட்டறைக்குள், விரல்நுனி அளவே ஆன ஒரு ரப்பர் வாஷர் கிழிந்து கிடந்தது. அதன் வழியே ஆயில், கோட்டையின் கள்ளவாசல் வழியே தப்பும் கைதி போல, பெடலின் கம்பியைப் பற்றி வழிந்து காருக்குள்ளேயே இறங்கியது. தெருவைக் காவல் காத்தோர்க்கு அது எப்படித் தெரியும்.

"மேல்பக்கம் பாருன்னு அப்பவே சொல்ல நினைச்சேன்" என்றார் அப்பா.

உதிரிபாகக் கடைக்காரரை வீட்டிலிருந்து கிளப்பி வாஷர் வாங்கி வந்து, இருக்கையில் முதுகும் கூரையில் காலுமாகக் கிடந்து, காரின் மேல்விளக்கின் மஞ்சள் ஒளியில் அண்ணன் அதைப் பொருத்தினார். எஞ்சியது காற்றை வெளியேற்றுவது. ஒருவர் பெடலை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் கீழே திருகைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும். மூடுவதற்குள் கால் நழுவினால் வெளியே போன காற்று உள்ளே குடிபுகும்.

"அமுக்கு. பிடி. ம், விடு. அமுக்கு. பிடி. விடாதே, விடாதே. இப்ப விடு."

இருபத்தெட்டு முறை. ஒருமுறையும் அந்தக் கால் முந்தவில்லை, பிந்தவில்லை, நடுங்கவில்லை. கடைசியில் பெடல், வீழ்ந்து வணங்குவதை விடுத்து, மானமுள்ள படைத்தலைவன் போல் எதிர்த்து நின்று, விட்டதும் விசையோடு மேலெழுந்தது.

"சார், பிடின்னா பிடிச்சு விடுன்னா விடுற கால் என் கடையில ஒண்ணுகூட இல்ல" என்று அண்ணன் அப்பாவைப் பார்த்து அறிவித்தார். பின், "முடிஞ்சிடுச்சு" என்றார். அவர் வாயிலிருந்து அச்சொல் முழுதாய் வந்தது அன்றைக்குத்தான் என்பர்.

ஆனால் வெற்றிக் களிப்பில் ஒருவரும் மேல்விளக்கை அணைக்கவில்லை. இரவெல்லாம் அது எரிந்தது. திங்கள் காலை எட்டு மணிக்கு அக்கா சாவியைத் திருப்பியபோது, முதுமை எய்திய பேட்டரி ஒரு முறை முனகி அடங்கியது.

தெரு சரிந்து இறங்குவது விதியின் கருணை. அப்பா சட்டைக்கையை மடித்தார். மலையை நகர்த்தத் துணிந்தவர் போல் காரின் பின்புறத்தில் இரு கைகளையும் ஊன்றினார்.

"ரெண்டாவது கியர்ல வை. கிளட்ச்சை அமுக்கிக்கோ. நான் சொன்னதும் விடு."

தள்ளினார். சக்கரம் உருண்டது. அப்பா சொல்ல வாயெடுக்கும் முன்பே, எத்தருணம் என்பதைத் தானே அறிந்த அந்த இடது கால் விட்டது. கார் ஒருமுறை குலுங்கி, இடியென முழங்கி, புகைக்கொடி உயர்த்தி, நின்றால் அணையும் என்பதால் நில்லாமல், திரும்பிப் பாராமல், திருப்பத்தில் மூன்றாம் கியர் ஓசையின்றி விழ, ஒன்பது மணியை நோக்கிப் பாய்ந்து மறைந்தது.

அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.