மாஸ்டர் படித்த பேப்பர்

கட்டிங் மாஸ்டர் அன்றைக்கு ஒரு மகத்தான முடிவெடுத்தார். ஊருக்கே தெரிந்தாலும் பரவாயில்லை, பெண்டாட்டிக்கு மட்டும் தெரியக் கூடாது.

முடிவெடுத்த இடம் கண் ஆஸ்பத்திரியின் வாசற்படி. உள்ளே டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். விழித்திரையின் நடுப்பகுதி பாழாகிவிட்டது. ஓரங்கள் தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. போனது திரும்பாது. "துணி வெட்டுற மெஷின் பக்கமே போகாதீங்க" என்றும் சொன்னார். மாஸ்டர் பலமாகத் தலையாட்டினார். அங்கிருந்து நேராக மெஷினுக்குத்தான் போனார்.

பெண்டாட்டியிடம் மறைப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை என்று நினைத்தார். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. புருஷன் முழிக்கிற முழியைப் பார்க்க முடியாத பெண்டாட்டி எத்தனை பேருக்குக் கிடைப்பாள்?

ஒரே சங்கடம், அவள் வேலை. நடுவயதில் பார்வை போனவர்களுக்குக் கோல் பிடித்துத் தெருவைக் கடக்கவும், கை சுடாமல் சமைக்கவும், மறுபடி ஒரு வேலைக்குப் போகவும் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவள் டீச்சர். தனியாகப் பஸ் பிடித்துப் போவாள், தனியாகத் திரும்புவாள். வீட்டுக் கணக்கு வழக்கும் அவள் கையில். அந்தக் குடித்தனத்துக்கு மாஸ்டர் போட்ட முதல், இரண்டு கண்கள் மட்டும்தான். கல்யாணத்தன்று அவருடைய சித்தப்பா, "கண்ணில்லாத பொண்ணுக்கு வாழ்க்கை குடுத்தவன்டா நீ" என்று முதுகில் தட்டியதில் நிமிர்ந்த நெஞ்சு இன்னும் இறங்கவில்லை. இப்போது முதலே முழுகிவிட்டது என்று எந்த வாயால் சொல்வது?

தினமும் காலையில் அவர் அவளுக்குப் பேப்பர் படித்துக் காட்ட வேண்டும். போனே படித்துச் சொல்லுமே என்றால், "போன் படிக்கும். ஆனா உங்களை மாதிரி நடுநடுவுல மந்திரியைத் திட்டாதே" என்பாள். இருபது வருஷப் பழக்கம். திடீரென்று நிறுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே மாஸ்டர் விடிந்ததும் குளியலறைக்குள் புகுந்தார். குழாயைத் திறந்துவிட்டு, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, ரேடியோச் செய்தியை மனப்பாடம் செய்தார். பிறகு வெளியே வந்து, மேஜையில் அவள் எடுத்து வைத்திருக்கும் பேப்பரை விரித்துத் தொண்டையைச் செருமுவார். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் இந்நேரம் பெரிய ஆபீசர் ஆகியிருப்பார்.

ஆனால் ரேடியோவில் மரண அறிவிப்பு வராது. அவளோ அதைக் கேட்காமல் எழுந்திருக்க மாட்டாள். வேறு வழியில்லாமல் மாஸ்டர் கொல்ல ஆரம்பித்தார்.

"ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். எண்பத்தொரு வயசு. தூக்கத்துலயே."

"எந்தத் தெரு?"

"சந்தைத் தெரு."

"ஐயோ, நம்ம மேனேஜரா? அவர் மருமகளுக்கு ஒரு போன் போடட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்! இவர் வேற. இவருக்கு மருமகளே இல்லை."

"அப்போ நிம்மதியாத்தான் போயிருக்காரு."

இப்படி இரண்டு மாதம் ஓடியது, நேற்று வரை.

நேற்று, துணி அடுக்கின்மேல் போட்டிருந்த சாக்பீஸ் கோடு கண்ணுக்கு நேரே வந்ததும் கரைந்துபோனது. தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் தேடினார். கத்தி காத்திருக்கவில்லை. இரும்பு வலைக் கையுறை இருந்ததால் விரல் தப்பித்தது, நகம் தப்பிக்கவில்லை. ரத்தம் பட்ட துணியை அவரே சுருட்டி ஒளித்தார். வீட்டில், "ஊசி குத்திடுச்சு" என்றார்.

அவள் விரலில் போட்டிருந்த கட்டைத் தடவிப் பார்த்தாள். "கடப்பாரை சைஸ் ஊசி போல" என்று மட்டும் சொன்னாள்.

இன்று காலையும் மாஸ்டர் பேப்பரை விரித்தார். வடக்கே வெள்ளம் என்றார். ஒரு மந்திரியைத் திட்டினார். வயதான வக்கீல் ஒருவரைக் கொன்றார். "ஆச்சு, எடுத்து வை" என்றார்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"ஏங்க, இது என்னைக்குப் பேப்பர்?"

"இதென்ன கேள்வி? இன்னைக்குப் பேப்பர்."

"பேப்பர்காரர்கிட்ட, போட வேண்டாம்னு போன மாசமே சொல்லிட்டேனே."

மாஸ்டர் பேப்பரைக் கண்ணருகே கொண்டுபோனார். "அப்போ... இது?"

"கடைசியா வந்தது. தினமும் அதையேதான் எடுத்து வைக்கிறேன். நீங்களும் தினமும் அதுல புதுசு புதுசா ஆளைச் சாகடிக்கிறீங்க. மடிச்சு மடிச்சு அது துணியாவே ஆயிடுச்சு. துணி வெட்டுறவர், உங்க விரலுக்குமா தெரியலை?"

மாஸ்டர் பேப்பரைக் கீழே வைத்தார். "எப்படிக் கண்டுபிடிச்சே?"

"உப்பு டப்பா. எடுத்த இடத்துல வையுங்கன்னு இருபது வருஷமா கத்துறேன், ஒரு நாள் வெச்சிருக்கீங்களா? செருப்பு நடுவழியில. நாற்காலி எங்கேயோ. நான் முட்டியில இடிச்சுக்காத நாளே கிடையாது. திடீர்னு எல்லாம் அதது இடத்துல இருக்கு. எனக்காக இல்லைன்னு எனக்குத் தெரியாதா? என்கிட்ட வர்ற எல்லாரும் இதைத்தான் பண்ணுவாங்க. முதல்ல வீட்டை ஒழுங்கு பண்ணுவாங்க, அப்புறம் பொய் சொல்லுவாங்க."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தே?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். நேத்து நகமில்லாம வந்தீங்க. நாளைக்கு விரலில்லாம வருவீங்க. முதலாளிக்குப் போன் போடுங்க. இனிமே வெட்ட மாட்டேன்னு சொல்லுங்க."

"வெட்டலைன்னா நான் யாருடி? மாஸ்டர் மாஸ்டர்னே கூப்பிட்டவங்க, நாளையிலேர்ந்து என்னன்னு கூப்பிடுவாங்க?"

"பத்து விரலும் இருக்கிறவர்னு கூப்பிடட்டும்."

மாஸ்டரிடம் ஒரே ஒரு துருப்புச்சீட்டு பாக்கி இருந்தது. அது பொய்யில்லை. அதனாலேயே இத்தனை நாள் வெளியே எடுக்கவில்லை.

"வேலை போனா போகட்டும்." அவள் பக்கம் திரும்பினார். "உன் முகம் தெரியலை. நேரே பார்த்தா, அந்த இடத்துல ஒண்ணுமே இல்லை."

அவள் கட்டுப் போட்ட கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் உங்க மூஞ்சியை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. குடும்பம் நடத்தலையா?"

மாஸ்டர் போனை வாங்கிப் பேசினார். முதலாளி வருத்தப்பட்டார், "கணக்கை முடிச்சு அனுப்பிடறேன்" என்றார். அவ்வளவுதான். ஒரு ஆயுசு வேலை ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துபோனது.

போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, போன மானத்தில் கொஞ்சமாவது மீட்க வேண்டுமே என்று, பெரிய மனது பண்ணிச் சொன்னார்:

"சரி. அடுத்த மாசம் என்னைக்காவது பொழுது போகலைன்னா உன் பள்ளிக்கூடம் பக்கம் வந்து பார்க்கிறேன். சேர்றதா வேண்டாமான்னு அப்புறம் யோசிக்கலாம்."

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். மடக்குக் கோலை விரித்தாள்.

"உங்க பேரைச் சேர்த்தாச்சு. ஏற்கெனவே ஒரு வாரம் ஆப்சென்ட்."