டிராக்டர் ஷெட்டுக்கு வராத அலை

அநியாயம் இழைக்கப்பட்டவர் மார்லிஸ் டீடமன். அமெரிக்காவின் அயோவா மாநிலச் சோளக்காடுகளுக்கு நடுவே இருபது வருடமாக ஊர் நாடகக் குழுவை நடத்துபவர். இழைத்தவர் அவருடைய கணவர் ஹார்லன். இழைத்த விதம்: "என் மனைவிக்கு மைக் தேவையில்லை, அவள் குரல் மூன்று வயல் தாண்டும்" என்று அரசாங்கத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்தது.

காலியாகக் கிடக்கும் டி.வி. அலைவரிசைகளை என்ன செய்யலாம் என்று அரசாங்கத்தின் ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருந்தது. உரிமம் இல்லாமலே யார் வேண்டுமானாலும் இணையத்துக்குப் பயன்படுத்தட்டும் என்று திறந்துவிடுவதா? கம்பியில்லா மைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பகுதியை ஒதுக்குவதா? திறந்துவிட்டால் மார்லிஸின் ஆறு மைக்கும் வசனத்துக்கு நடுவே கரகரக்கும். கோடை நாடகம் அத்தோடு சரி. ஒதுக்கினால், ஹார்லன் அபிப்பிராயப்படி, அவருடைய டிராக்டர் ஷெட்டுக்கு இந்த ஜென்மத்தில் இணையம் வராது.

ஷெட்டில் சாய்வு நாற்காலி இருந்தது. டி.வி. இருந்தது. குட்டி ஃபிரிட்ஜும் இருந்தது. பேஸ்பால் பார்க்க வைஃபைதான் இல்லை. இத்தனைக்கும் வீட்டிலிருந்து நாற்பதே தப்படி. இரண்டு வருடம் முன்பு ஒருநாள் அலை நின்றுபோனது. 'காற்றில் நெரிசல்' என்று ஹார்லன் காரணம் கண்டுபிடித்தார். அந்த நெரிசலைத் தீர்க்க ஆணையத்தைவிட்டால் வேறு யார்?

எழுத உட்கார்ந்த பிறகுதான் ஒரு சுகம் புரிந்தது. யாரும் குறுக்கே பேசவில்லை. கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் முதல் முறையாக ஒரு வாக்கியத்தை முடித்தார். ருசி கண்டுபோய்ப் பதினான்கு பக்கம் முடித்தார். நாலாம் பக்கத்தில் மனைவியின் குரலை ஆதாரமாகச் சேர்த்தார். நாட்டின் அலைவரிசைக் கொள்கைக்குக் கட்டிய மனைவியின் தொண்டையை ஆதாரம் காட்டுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவருக்கு இருந்தது. ஆணையத்துக்குப் போகும் கருத்தெல்லாம் பெயர், முகவரியோடு ஊரறிய வலைத்தளத்தில் ஏறும் என்ற விவரம்தான் இல்லை.

மறுவாரம் விதைக்கடையில் பக்கத்துப் பண்ணை எல்டன் பிடித்துக்கொண்டார்.

"யோவ் ஹார்லன், நாலாம் பக்கம் பிரமாதம்யா!"

"எந்த நாலாம் பக்கம்?"

"மார்லிஸ் உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டா என் மாடெல்லாம் கொட்டிலுக்குத் திரும்புதுன்னு எழுதியிருக்கியே. என் மாட்டைச் சாட்சிக்கு இழுக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"அதை யாருய்யா உனக்குக் காட்டினது?"

"மார்லிஸ்தான். சர்ச்ல எல்லாருக்கும் அனுப்பியிருக்காங்க."

வீட்டில் மார்லிஸ் சோளம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மார்லிஸ், அது வந்து... சட்டத்துக்காக எழுதினது."

"சரி."

"கோபமா?"

"எதுக்கு? குடிமகன் கருத்துச் சொல்லியிருக்கான். அது உன் உரிமை."

"நீ ஒண்ணும் சொல்லப்போறதில்லையா?"

"இது கருத்துச் சொல்ற மாசம். அடுத்த மாசம்தான் அதுக்குப் பதில் சொல்ற மாசம். எதுக்கும் ஒரு முறை இருக்குல்ல? அந்த உப்பை எடு."

அடுத்த மாதம் இருபத்தொன்பது நாள் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. 'ஜெயித்துவிட்டோம்' என்று ஹார்லன் முடிவு கட்டினார். முப்பதாம் நாள் மதியம், கெடு முடியப் பத்து நிமிடம் இருக்கையில், மார்லிஸின் பதில் பதிவானது. அதற்குமேல் யாரும் பதில் எழுத முடியாது. அரைப் பக்கம்தான்.

"ஹார்லன் டீடமன் சொன்னதெல்லாம் உண்மை. என் குரல் மூன்று வயல் தாண்டும். ஆனால் பேஸ்பால் ஓடும்போது நாற்பது தப்படியில் இருக்கும் ஷெட்டுக்குள் அது ஒருநாளும் நுழைந்ததில்லை. ஆகவே மைக் தேவை. ஷெட்டில் அலை இல்லை என்பதும் உண்மை. அலையை அங்கே கடத்தும் சின்னப் பெட்டியை இரண்டு வருடம் முன்பு நான்தான் பிடுங்கி வைத்தேன். அன்றிலிருந்து கூப்பிட்டவுடன் சாப்பிட வருகிறார். இதில் நெரிசல் எதுவும் இல்லை. பெட்டியின் படம் இணைக்கப்பட்டுள்ளது."

படத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் மாவு டப்பா இருந்தது. ஹார்லன் சமையலறைக்கு ஓடினார். மாவு டப்பாவுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

"எங்க மார்லிஸ், பெட்டி?"

"விசாரணை நடக்கறப்போ சாட்சிப் பொருளைத் தொடலாமா? ஆணையம் முடிவு சொல்லட்டும்."

ஆணையம் முடிவு சொல்ல எட்டு மாதம் ஆனது. இருநூறு பக்கம். மைக்குகளுக்கு ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து அடிக்குறிப்பு: "ஒரு விவசாயியின் ஷெட்டில் அலை இல்லாததற்கான காரணத்தை அவர் மனைவி விளக்கியுள்ளார். எங்களுக்குத் திருப்தி."

ஹார்லன் இருநூறு பக்கத்தையும் அச்செடுத்து மேசைமேல் வைத்தார்.

"முடிவு வந்தாச்சு. நீ ஜெயிச்சாச்சு. இப்பவாவது பெட்டியைக் குடேன்."

மார்லிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடிக்குறிப்பை ஒருமுறை நிதானமாகப் படித்தார்.

"எழுத்துல குடு ஹார்லன். ஊர்ல எல்லார்கிட்டயும் கருத்துக் கேட்டுட்டுச் சொல்றேன்."